கொமுரோ எழும்பினால்

வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சி ஓயாமல் வன்னிப் போர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருக்க, பெற்ற மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மல்யுத்தம் பார்த்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? இராசலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் நகரிலிருந்த வீட்டுக்கு வந்தவள், குளிருக்குப் போட்ட மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மகளின் அறைக்குள் போனாள். கணினியின் வயரைப் பிடுங்கி எறிவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனாள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளுக்கு உடன்பிறப்பு என்று இருப்பவன் தவராசா ஒருவன்தான். திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லியில் பிறந்த தம்பி, முல்லைத்தீவில் பெண் கட்டி அங்கேயே குடியாகிவிட்டான். பெப்ரவரியில் கடைசியாகக் கதைத்தபோது, "அக்கா, நாங்கள் நடந்துகொண்டிருக்கிறம்" என்றான். எங்கே என்று இவள் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் சோறு வெந்ததே தவிர ஒருவருக்கும் தொண்டைக்குள் இறங்கவில்லை. கணவர் கோணேஸ்வரன் தொழிற்சாலையால் வந்தால் நேரே தொலைக்காட்சிக்கு முன்னால் குந்துவார். படங்களில் வரும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மச்சானைக் கண்டால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது. காணாவிட்டாலும் தெரியாது.

மகள் வினோதாவுக்குப் பதினேழு வயது. டென்மார்க்கில் பிறந்தவள். தாய் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. இப்போதோ அந்தப் பதிலும் நின்று, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருக்கிறவள் மாதிரித் திரிந்தாள். பள்ளித் தோழன் ஒருவன் கொடுத்த பெட்டி நிறைய ஜப்பான் மல்யுத்த டிவிடிகள் இருந்தன. பள்ளி விட்டு வந்தால் அவள் அதுவும் கையுமாகத்தான் இருப்பாள்.

இராசலட்சுமி வயரில் கை வைத்தபோது திரையில் ஒரு ஆள் மேடையில் ஏறி நின்றார். வயது நாற்பதுக்கு மேலிருக்கும். கட்டையாக, தொந்தியோடு, ஒரு முழங்காலில் தடித்த கட்டுப் போட்டிருந்தார். அறிவிப்பாளர் அவருடைய பெயரை நீட்டி முழக்கிச் சொன்னதுதான் தாமதம், நாலா பக்கமிருந்தும் சனம் எதையோ தூக்கி எறிந்தது. மஞ்சள் நிறக் காகித நாடாக்கள் வந்து அவருடைய தலையிலும் தோளிலும் விழுந்து தொங்கின. மனிதர் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நின்றார்.

"ஏன் பிள்ளை அந்த மனுசனுக்குக் குப்பை எறியினம்?" என்று கேட்டாள் இராசலட்சுமி. இவ்வளவு வயதான ஆளை இப்படிச் சபையில் வைத்து அவமானப்படுத்துகிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

வினோதா பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள். அது குப்பை இல்லை, மரியாதை என்று டெனிஷில் விளக்கினாள். ஆளுக்கொரு நிறமாம். இவருடைய நிறம் மஞ்சளாம். பெயர் கொமுரோவாம். ஓகோ, எங்கட ஆட்கள் பொன்னாடை போர்த்துகிற மாதிரி என்று தாய் விளங்கிக்கொண்டாள். பொன்னாடை என்றால் என்னவென்று மகளுக்கு விளங்கவில்லை.

ஆனால் மரியாதையோடு அந்த மனிதருடைய அதிர்ஷ்டம் முடிந்துவிட்டது. எதிரி இளம் பெடியன், தென்னை மரம் போல உயரம். கொமுரோவைத் தூக்கித் தூக்கிப் போட்டான். இராசலட்சுமிக்கு அதிசயமாக இருந்தது அடியில்லை, சனத்தின் அமைதி. அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை. கோயிலில் திரை விலகுவதற்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்து பார்த்தார்கள். பெடியன் மேலே விழுந்து அமுக்க, நடுவர் தரையில் அடித்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடிக்குக் கை இறங்குகிற கணத்தில் கொமுரோவின் தோள் தரையை விட்டு எழும்பியது. அடக்கி வைத்த மூச்சையெல்லாம் சனம் ஒன்றாக விட்டது.

எப்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள் என்று இராசலட்சுமிக்கே தெரியாது. வயரை விட்டுவிட்டு, "இன்னொருக்காப் போடு" என்றாள்.

அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் அந்தக் கட்டிலில்தான். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளப் பார்க்க வேண்டாம், அத்தனை பெயரும் அத்தனை பிடியும் யாருக்கும் நினைவில் நிற்காது, ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போ என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். இது இராசலட்சுமிக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கல்யாண வீட்டில் ஒரு கிழவியைப் பிடித்தால் போதும், மற்றச் சொந்தமெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் கொமுரோவைப் பிடித்தாள். அவரோடு அவருடைய பழைய கூட்டாளியும், கூட்டாளியின் பகையாளியும், வேண்டாதவர்களும் வேண்டியவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நடுவர்மாரில் ஒருவர் எண்ணுகிற வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆள் வந்தால் பல்லைக் கடித்தாள்.

இன்னொன்றும் கவனித்தாள். கொமுரோ எதிரியைத் தூக்கித் தரையில் அறைகிற நேரத்திலும் அவருடைய ஒரு கை அந்த ஆளின் பிடரியைத் தாங்கிக்கொண்டே கீழே போனது. நாள் முழுக்க வயோதிபர்களைத் தூக்கிப் படுக்க வைக்கிறவளுக்கு அந்தக் கை தெரியும். அடிக்கிற கையில்லை அது. அந்த மனிதர் மீது அவளுக்கு வந்த நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது.

கோணேஸ்வரன் கேலி செய்தார். அங்கே சனம் சாகுது, இங்கே தாயும் மகளும் முடிவு முன்னமே பேசி வைத்த விளையாட்டுக்கு மூச்சுப் பிடிக்கினம் என்றார். வெற்றி யாருக்கு என்பது மேடையில் ஏறும்போதே அவர்களுக்குத் தெரியுமாம். இராசலட்சுமிக்கு அது புதினமாகப் படவில்லை. எங்கட கதையும் யாரோ முன்னமே பேசி வைத்த கதைதானே, எழும்புகிறவனுக்கு நோகாமல் விடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கறிக்கு உப்புப் போட்டாள்.

ஏப்ரலில் சித்திரை வருடப்பிறப்பு வந்தது. ஒரு வீட்டிலும் பலகாரம் இல்லை. முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் ராசமலர், பக்கத்து ஊரான பிராண்டேயின் அம்மன் கோயிலில் ஒரு தரம் பூக்கட்டிப் பார் என்று ஆலோசனை சொன்னாள். ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து, சாமிக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நினைத்தது நல்லபடி, சிவப்பு வந்தால் இல்லை. இராசலட்சுமி தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. அவளுக்குப் பயம். அம்மன் சொன்னால் சொன்னதுதான். சிவப்பு வந்தால் அதற்கு மேலே போய் முறையிட இடமில்லை.

பயந்தவள் வேறொரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த சனிக்கிழமை கொமுரோ தரையில் மல்லாந்து கிடந்து, நடுவர் முதல் அடி அடித்தபோது, மனம் தன்பாட்டில் ஒன்றை நினைத்துக்கொண்டது. இவர் எழும்பினால் தம்பி இருக்கிறான். அவ்வளவுதான். கொமுரோ எழும்பினார். போய்ச் சோறு போட்டு வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுவே நேர்த்திக்கடன் போலாயிற்று. யாருக்கும் சொல்லவில்லை. சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் ஆற்றில் போகிறவனுக்குத் துரும்பு கிடைத்தால் அது என்ன மரத்துத் துரும்பு என்றா பார்ப்பான்? கொமுரோ தோற்றாலும் அவள் கணக்கில் காரியமில்லை. ஒரு தரமாவது மூன்றுக்கு முன்னால் தோளைத் தூக்கினால் போதும். அவரும் தூக்கினார். வாரம் தவறாமல் தூக்கினார்.

மே மாதம் கடுகுப் பூ வயலெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தபோது போர் முடிந்துவிட்டது என்று செய்தி சொன்னார்கள். கோபன்ஹேகனுக்கு ஊர்வலம் போன கோணேஸ்வரன் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்து தொலைக்காட்சியை நிற்பாட்டினார். மாதக்கணக்கில் இரைந்த வீட்டில் திடீரென்று குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். இராசலட்சுமி அழவில்லை. தம்பி இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியுமே.

யூனில் தம்பியின் மனைவி சரோஜினிதேவியிடமிருந்து முதல் அழைப்பு வந்தது. அவள் தன் சின்னப் பெண்பிள்ளையோடு அகதி முகாமில் இருந்தாள். யாரோ மறைத்து வைத்திருந்த கைபேசியில் ஒரு மணி அடித்துவிட்டு வைப்பாள், இவர்கள் திருப்பி எடுக்க வேண்டும். அழுது முடித்துச் செய்தியைச் சொன்னாள். பதுங்குகுழி வாசலில் நின்ற தவராசாவுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததைப் பக்கத்து வீட்டு யோகம்மா கண்டிருக்கிறாள். நின்று பார்க்கிற நேரமா அது? ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. உடலையும் யாரும் காணவில்லை.

"மச்சாள், நான் என்ன செய்ய? பொட்டை அழிக்கவோ விடவோ? உங்கட பக்கத்திலை பெரியாள் நீங்கள் ஒராள்தானே. நீங்கள் சொல்லுங்கோ."

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அக்காதான் சொல்ல வேண்டும். அதுதான் முறை. செத்த வீட்டைச் செய் என்று சொல்வதும், பொறு என்று சொல்வதும் அவள் வாயில்தான் இருந்தது. இராசலட்சுமி ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அழிக்காதை. அவன் இருக்கிறான்."

எப்படித் தெரியும் என்று மற்றப் பக்கம் கேட்டது. தனக்குத் தெரியும் என்றாள். பக்கத்தில் நின்ற கோணேஸ்வரன் மனைவியை ஒரு மாதிரிப் பார்த்தார். வினோதா எழும்பித் தன் அறைக்குள் போய்விட்டாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்ததைத் தாய் கண்டாள். பிள்ளைக்கு மாமா மேலே பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

யூலை நடுவில் இரண்டாவது அழைப்பு வந்தது. சரோஜினிதேவியின் குரல் தேய்ந்து போயிருந்தது. அழுகை இல்லை. அழுதிருந்தால் இராசலட்சுமி தாங்கியிருப்பாள்.

"மச்சாள், பஸ்ஸிலை ஆக்களைக் கொண்டுவந்து இறக்கினா நான் கம்பி வேலிக்கு ஓடுறன். பிள்ளை காய்ச்சலோடை கூடாரத்திலை கிடக்கு, போட்டிட்டு ஓடுறன். நேற்று நான் திரும்பி வாறதுக்கிடையிலை பிள்ளை மயங்கிப் போச்சு. இனி ஓட ஏலாது போலை கிடக்கு. ஆனா நீங்கள் இருக்கிறான் எண்டு சொன்னனீங்கள் எல்லோ."

தொலைபேசியை வைத்தாள். தான் சொன்ன ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு ஒருத்தி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறாள் என்பது இராசலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னது உண்மையென்றால் ஓடட்டும். பொய்யென்றால் தம்பியின் பிள்ளையையும் தானே கொல்லுகிறாள். உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். ஆனால் கோயிலுக்குப் போகிற துணிவு அப்போதும் வரவில்லை. மகளின் அறைக் கதவைத் தட்டினாள்.

கொமுரோவின் ஆகப் பிந்திய சண்டையைப் போடு என்று கேட்டாள். பழையது வேண்டாம், நீயே இன்னும் பார்க்காதது ஒன்று. இதுதான் கடைசித் தரம். வினோதா டிவிடிப் பெட்டியைக் கிண்டினாள். பிறகு அது தன்னிடம் இல்லை என்றாள். பிறகு கணினி பழுது என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. காது இரண்டும் சிவந்துவிட்டன.

இராசலட்சுமி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வாரமும் டிவிடியை எடுத்தது யார்? போட்டது யார்? ஒரு நாளாவது கொமுரோ எழும்பாமல் கிடந்ததுண்டா?

"இரண்டு பொட்டலத்திலையும் வெள்ளைப் பூவோ கட்டினனி?" என்றாள் மெதுவாக.

பூக்கட்டுகிற வழக்கம் டென்மார்க்கில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் கேள்வி விளங்கியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்கள் நடுவரோடை சேர்ந்து எண்ணேக்கை மாமான்ர பேரைச் சொன்னீங்கள்," என்றாள். இந்த முறை தமிழில் சொன்னாள். "வாய்க்குள்ளை சொன்னீங்கள். எனக்குக் கேட்டது. அதுக்குப் பிறகு அவர் எழும்புறதை மட்டும் தேடித் தேடிப் போட்டனான்."

"எழும்பாததும் இருக்கோ?"

"ஓம்." டிவிடிப் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "அம்மா, கொமுரோ செத்துப் போனார். இரண்டு வருசமாச்சு. வருத்தம் வந்து, ஆசுப்பத்திரியிலை."

இராசலட்சுமி கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஏமாற்றியவளுக்கு அந்த முகத்தில் தன்னைவிடக் களைப்பு. இத்தனை மாதமும் இந்தச் சின்னத் தோள் இதைச் சுமந்திருக்கிறதே என்றுதான் நினைத்தாள். செத்துப் போன ஒரு மனிதரை வாராவாரம் எழுப்பி எழுப்பித் தன் தம்பியை உயிரோடு வைத்திருந்திருக்கிறாள் தாய். மகள் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

செத்தபோது அவருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டாள். வினோதா பெட்டியின் அடியில் துணிக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த டிவிடியை எடுத்துப் போட்டாள்.

அதே மேடை. மல்லர்கள் எல்லாரும் கறுப்பு உடையில் சுற்றி நின்றார்கள். நடுவில் இளைஞன் ஒருவன் கொமுரோவின் பெரிய படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். தென்னை மரம் போல உயர்ந்த அந்தப் பெடியன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. மணி அடித்தது. இராசலட்சுமி பழக்க தோஷத்தில் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. இந்த எண்ணிக்கை மூன்றோடு நிற்கவில்லை. ஒரு மணியின் ஓசை முற்றாக அடங்கிய பிறகே அடுத்ததை அடித்தார்கள். பத்து வரை அடித்தார்கள். படத்தில் இருந்தவர் எழும்பவில்லை. எழும்ப வேண்டும் என்று அங்கே ஒருவரும் கேட்கவும் இல்லை.

பிறகு அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, சண்டைக்கு அழைக்கிற அதே குரலில், கொமுரோவின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் கடைசி முறையாக நீட்டிச் சொன்னார். மண்டபத்தின் நாலு பக்கமிருந்தும் மஞ்சள் நாடாக்கள் பறந்து வந்து ஆளில்லாத மேடையில் விழுந்தன. விழுந்துகொண்டே இருந்தன.

இராசலட்சுமி அந்த நேரம் எழும்பி நின்றுகொண்டிருந்தாள். மகளும் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முகாமிலிருந்து மணி அடித்ததும் இராசலட்சுமியே திருப்பி எடுத்தாள்.

"சரோ, இனி பஸ்ஸுக்கு ஓடாதை. பிள்ளையைப் பார்."

ஏதாவது செய்தி வந்ததோ என்று மறுமுனை கேட்டது.

"அவன் போயிட்டான். ஒருத்தரும் வந்து சொல்லேல்லை, நான் சொல்லுறன். முந்தி இருக்கிறான் எண்டு சொன்னதும் நான்தான், இப்ப இல்லை எண்டு சொல்லுறதும் நான்தான். பிழையெண்டா அந்தப் பாவம் என்ரை தலையிலை இருக்கட்டும். நீ சுமக்காதை."

சரோஜினிதேவி கதறினாள். நெடுநேரம் கதறினாள். இராசலட்சுமி தொலைபேசியைக் காதை விட்டு எடுக்கவில்லை. அழுகை ஓய்ந்து, பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று அங்கே குரல் சொன்ன பிறகுதான் வைத்தாள்.

வீட்டில் தம்பியின் படம் என்று இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். உயிரோடு இருக்கிறவளை விளக்குக்கு முன்னால் வைக்கக் கூடாது என்று, மணப்பெண் இருந்த பாதியைப் பின்பக்கம் மடித்துச் சட்டத்துக்குள் செருகினாள். மேசையில் வைத்து விளக்கேற்றினாள். சாமி அறையிலிருந்து கைமணியை எடுத்துக் கணவரிடம் நீட்டியபோது அவர் தயங்கினார். செத்த வீட்டுத் துடக்கோடு சாமி மணி அடிக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது என்றார். இது சாமிக்கு இல்லை என்றாள் அவள். கோணேஸ்வரன் மணியை வாங்கி, அவள் சொன்னபடி ஒவ்வொன்றாக, ஓசை அடங்க அடங்க அடித்தார். பத்தாவதோடு மணியை மேசையில் வைத்தார்.

பெயர் சொல்ல வேண்டும். இராசலட்சுமி வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அப்போது வினோதா ஓர் அடி முன்னே வந்தாள். ஒரு நாளும் போகாத ஊரின் பெயரையும், ஒரு நாளும் காணாத மாமனின் பெயரையும், அந்த அறிவிப்பாளரைப் போலவே நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாக நீட்டி, வீடு அதிரச் சொன்னாள்.

"திருகோணமலை, சல்லி. கணபதிப்பிள்ளை தவராசா."

பெப்ரவரியிலிருந்து அழாத இராசலட்சுமி அப்போது அழுதாள். கணவரும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, தரையில் குந்தியிருந்து தலையில் அடித்து, ஊரில் அழுகிற மாதிரியே அழுதாள்.

அதற்குப் பிறகு சில சனிக்கிழமைகள் அந்த அறையில் ஒன்றும் ஓடவில்லை. வினோதாவும் டிவிடிப் பெட்டியை மூடித் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். ஓகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம், வேலையால் வந்த தாய் இரண்டு கோப்பைத் தேநீரோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டில் விளிம்பில் தன் பழைய இடத்தில் இருந்தாள்.

"உயிரோடை இருக்கிற ஒருத்தனாப் பார்த்துப் போடு பிள்ளை," என்றாள். "தோத்தாலும் காரியமில்லை."